1,100 தோட்டா, 23 ஜாம்: ஒரு குட்டி 9 எம்எம் பிஸ்டலோடு எட்டு மாதம்

முதல் நாள் ரேஞ்சில் (துப்பாக்கி சுட்டுப் பழகுகிற இடம்) 100 தோட்டா சுட்டேன், ஏழு தடவை ஜாம், சுடாமல் சிக்கி நின்றது. பெட்டி பிரித்து மூன்று நாள்கூட ஆகாத பிஸ்டல். பக்கத்து லேனில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, பழைய ரிவால்வர் ஒன்றை வைத்து நிதானமாக டப், டப் என்று சுட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் தண்ணி வராத அடிபம்பை அடிப்பது மாதிரி பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடை இழுப்பதும் உதறுவதும் மறுபடி இழுப்பதுமாக நின்றேன். அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்வது.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. பயம் எதுவும் இல்லை. இந்த எட்டு மாதத்தில் பழுதில் பெரிய பங்கு என்னுடையது என்று தெரிந்துபோனது, கம்பெனிப் பெயரைப் போட்டு நாலு பத்தி திட்டிவிட்டுக் கடைசியில் "கோளாறு என் கையில்" என்று முடித்தால் நன்றாகவா இருக்கும்? தவிர, இந்த அளவில் வருகிற எந்தப் பிஸ்டலிலும் வரக்கூடிய தொல்லைகள்தான் இவை. அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 9 எம்எம், 3.1 அங்குலப் பேரல் (குழல்), காலியாக இருக்கும்போது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. பெட்டிக்குள் இரண்டு மேகசின் (தோட்டாவை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற சின்னப் பெட்டி) வந்தது, ஒன்றில் 10 தோட்டா, அடிப்பக்கம் சற்று நீண்ட இன்னொன்றில் 12. மூன்றாவதாக ஒரு 10 தோட்டா மேகசினைத் தனியாக 38 டாலர் கொடுத்து வாங்கினேன். அந்த 38 டாலர் பின்னால் வருகிறது.

நான் இருப்பது டெக்சஸில், டாலஸ் பக்கம். எச்1பி விசாவில் இருந்த வரைக்கும் துப்பாக்கி வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்கு தவிர அந்த விசாக்காரர்களுக்குச் சட்டப்படி விற்க முடியாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைப்பக்கம் போனேன். ஊரில் எங்கள் பெரியப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் வந்தால் போதும், அதைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவார், முடிந்த பிறகு திரும்ப வாங்க மறுபடி நடை. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இங்கே 4473 என்ற படிவத்தை நிரப்பி, எஃப்பிஐயின் நிக்ஸ் என்ற பின்னணிச் சோதனையில் பெயர் தேறினதும் அரை மணி நேரத்தில் பையில் போட்டுக் கொடுத்தது ஏதோ தப்பு செய்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வருகிற மாதிரி இருந்தது.

வாங்கும் முன்னால் எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயம். அமெரிக்காவில் குழந்தைகள் பொம்மையில் ஒரு சின்னத் துண்டு கழன்றால்கூட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுச் சந்தையிலிருந்து எடுக்க வைக்கலாம். நிஜத் துப்பாக்கி அந்த ஆணையத்தின் கைக்கு எட்டாது, 1972-இல் அதற்கான சட்டத்தை எழுதும்போதே விலக்கி வைத்துவிட்டார்கள். தோட்டா அளவுகளையும் அழுத்தத்தையும் வரையறுக்கிற சாமி என்ற அமைப்பு ஒன்று 1926-இலிருந்து இருக்கிறது (பெயர் நிஜமாகவே அதுதான், கும்பிட வேண்டியதில்லை), ஆனால் அது உற்பத்தியாளர்களே சேர்ந்து நடத்துவது, விருப்பத்தின்பேரில் பின்பற்றுவது. அதாவது கையில் இருக்கும் பிஸ்டல் வேலை செய்கிறதா இல்லையா என்று சோதிக்கிற கடைசி ஆள் வாங்கியவன்தான்.

சரி, சின்னப் பிஸ்டலுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? ஒரு தோட்டா வெடித்ததும் ஸ்லைடு பின்னால் போக வேண்டும், போகிற வழியில் காலிக் கூட்டைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே வீச வேண்டும், பிறகு ஸ்ப்ரிங் அதை முன்னால் தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சுரண்டி எடுத்து, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற சேம்பருக்குள் ஏற்றிப் பூட்ட வேண்டும். இத்தனையும் இமை மூடித் திறப்பதற்குள். பெரிய பிஸ்டலில் ஸ்லைடு கனமானது, ஓடுகிற தூரமும் அதிகம், அங்கே இங்கே கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துக்கொள்ளும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டலை 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் சோதித்தபோது 6,000 தோட்டா சுட்டும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதன் பேரல் 5 அங்குலம், எடை ஒரு கிலோவைத் தாண்டும். அதே வடிவத்தைப் பின்னாளில் 3 அங்குலம், 3.5 அங்குலம் என்று குறுக்கியபோதுதான் தகராறு வந்தது. ஸ்லைடு இளைக்கிறது, ஓடுகிற தூரம் குறைகிறது, அதை ஈடுகட்ட ஸ்ப்ரிங்கை விறைப்பாக்குகிறார்கள், விறைப்பான ஸ்ப்ரிங்கை ஜெயிக்கத் தோட்டாவுக்கு முழு வேகம் வேண்டும், பிடிக்கிற கையும் ஆடக் கூடாது. எல்லாமே நூல் பிடித்த மாதிரி இருந்தால் ஓடும். ஒரு நூல் தளர்ந்தாலும் நின்றுவிடும்.

ரேஞ்சில் கிளாக் 19 என்ற பிஸ்டலை வாடகைக்கு எடுத்து அதையும் சுட்டுப் பார்த்தேன், 1988-இல் வந்த மாடல், 4 அங்குலப் பேரல், இவர்கள் கணக்கில் அதுவும் காம்பாக்ட்தான். 50 தோட்டாவில் ஒரு ஜாம்கூட இல்லை. என் கையும் அதே கைதான். அந்த ஒரு அங்குலத்தில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் அதை டி-ஷர்ட்டுக்குள் மறைத்துப் பார்த்தபோது, "என்னங்க, இடுப்புல இட்லிச் சட்டி கட்டினாப்ல இருக்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். குட்டிப் பிஸ்டலை வாங்குவது அதனால்தான்.

ஜாம் ஆகிறது என்று வாங்கிய கடையில் போய்ச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "500 ரவுண்டு போகட்டும், பழகிடும்" என்றான். செருப்பா பழகுவதற்கு? ஸ்ப்ரிங்கும் உரசுகிற பரப்பும் கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான், கார் ஆர்ம்ஸ் மாதிரி சில கம்பெனிகள் கையேட்டிலேயே முதல் 200 தோட்டா பழக்கக் காலம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அது நேர்மை. என் பிஸ்டலின் கையேட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை. 500 தோட்டா என்றால் நான் வாங்குகிற விலைக்கு 130 டாலருக்கு மேல் வரும், அதைச் செலவழித்த பிறகும் காரணம் தெரியாது. கடைக்கு 5-க்கு 1 போடுகிறேன், அந்த ஒன்றும் பார்க்கிங் வசதிக்காக.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து மூன்று மேகசினுக்கும் அடியில் 1, 2, 3 என்று எழுதினேன். பையனின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் போட்டேன்: எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், எந்தத் தோட்டாப் பெட்டி, ஒரு கையா இரண்டு கையா, எப்படி நின்றது. இந்த எட்டு மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான். இதற்கு முன்னால் "ஜாம் ஆகுது, ஜாம் ஆகுது" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஜாம் என்பது ஒரு வியாதி கிடையாது. வயிற்று வலி என்று டாக்டரிடம் போனால் எங்கே, எப்போது, சாப்பிட்ட பிறகா என்று கேட்பாரே, அதே கதைதான்.

முதல் 300 தோட்டாவில் 19 தடவை நின்றிருந்தது. முதல் நாளின் ஏழையும் ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்துக்கொண்டேன், நல்லவேளை ஒவ்வொன்றும் போனில் படமாக இருந்தது. 19-ஐயும் பிரித்தபோது 11 தடவை அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறாமல் மூக்கு இடித்து நின்றிருக்கிறது. ஐந்து தடவை காலிக் கூடு முழுதாக வெளியேறாமல் ஸ்லைடின் வாயில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது, இதற்கு இங்கே அடுப்புக் குழாய் என்ற பெயர், ஸ்டவ் பைப். மூன்று தடவை கூடு சேம்பரை விட்டு வரவே இல்லை, பின்னாலேயே அடுத்த தோட்டா வந்து முட்டிக்கொண்டு நிற்கும். மூன்றில் மோசமானது அதுதான், ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, மேகசினைப் பிடுங்கி எடுத்து, இரண்டு மூன்று தடவை ஸ்லைடை இழுத்துக் காலி செய்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த 11-ஐ மேகசின் வாரியாகப் பார்த்தேன். பத்து தடவை 2-ஆம் நம்பர் மேகசின். பத்து! ஒன்றே ஒன்று 1-ஆம் நம்பரில். மேசை விளக்குக்குக் கீழே மூன்றையும் வரிசையாகப் படுக்க வைத்து மேல் வாயைப் பார்த்தேன், தோட்டாவை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மடிப்பு இருக்கிறதல்லவா, அந்த இரண்டு உதடுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 2-இல் கண்ணுக்கே லேசாக அகலமாகத் தெரிந்தது. வெர்னியர் வைத்து அளந்தால் மற்ற இரண்டை விட அரை மில்லிமீட்டர் கூட. உதடு அகன்றால் தோட்டா சீக்கிரமே விடுபடும், வர வேண்டிய கோணத்தில் வராது, சேம்பர் வாயில் இருக்கிற ஏறும் சரிவில் மூக்கை இடிக்கும். 2-ஆம் நம்பர் எது தெரியுமா? நான் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய அந்த 38 டாலர் மேகசின். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, முதல் நாள் தோட்டா நிரப்பிய மேகசின் ஒன்று கை நழுவி ரேஞ்சின் கான்கிரீட் தரையில் தலைகுப்புற விழுந்தது. எது என்று பார்க்கவில்லை. இதுவாகவே இருக்கலாம், இல்லை தயாரிப்பிலேயே அப்படியும் இருக்கலாம். கம்பெனியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆக, பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குக் கோபப்பட்டேனே, அந்த 19-இல் பத்து தடவைக்குப் பிஸ்டல் பொறுப்பே இல்லை. மேகசின் என்பது தேய்கிற, வளைகிற, மாற்ற வேண்டிய பொருள், அதற்கு நம்பர் போடாமல் பிஸ்டலைச் சந்தேகப்படுவது டியூப் பஞ்சரான சைக்கிளில் செயினைக் கழற்றுகிற வேலை.

அடுத்தது அடுப்புக் குழாய். இதைக் கேட்டதும் ரேஞ்சில் எல்லோரும் ஒரே பல்லவிதான்: மணிக்கட்டு தளர்வு. எனக்கு எரிச்சலாக வந்தது, காசு கொடுத்து வாங்கிய பொருள் ஓடவில்லை என்றால் என் மணிக்கட்டைக் குறை சொல்வதா என்று. ரேஞ்சில் வார நாள்களில் மேற்பார்வைக்கு நிற்கிற பெரியவர் ஒருவர், நிறைய பேசமாட்டார், "கொடுங்க பார்ப்போம்" என்று வாங்கினார். என் பிஸ்டல், என் 1-ஆம் நம்பர் மேகசின், என் தோட்டா. ஐம்பது சுட்டார். ஒன்றுகூட நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது எதுவுமே சொல்லவில்லை, அதுதான் அவமானம்.

விஷயம் இதுதான். ஸ்லைடு பின்னால் போக வேண்டும் என்றால், எதிலிருந்து பின்னால்? கைப்பிடியிலிருந்து. கைப்பிடி ஆடாமல் நின்றால்தான் ஸ்லைடு அதன் மேல் முழுத் தூரம் ஓடும். நான் பிடித்த பிடியில் கைப்பிடியும் சேர்ந்து பின்னால் போனது. கட்டாத பரிசலிலிருந்து கரைக்குத் தாவிப் பாருங்கள், பரிசல் பின்னால் போகும், நீங்கள் தண்ணீரில் விழுவீர்கள். அதே மாதிரி ஸ்லைடு பாதி வழியில் வேகம் இழந்து, கூட்டை வீசாமலே திரும்பி வந்து கவ்விக்கொள்கிறது. நோட்டைப் புரட்டினால் ஐந்து அடுப்புக் குழாயில் மூன்று ஒரு கையால் சுட்டபோது, மீதி இரண்டு 80 தோட்டாவுக்குப் பிறகு, அதாவது கை ஓய்ந்த நேரத்தில். இப்போது இடது கையைக் கைப்பிடியில் நன்றாக மேலே ஏற்றி, இரண்டு முழங்கையையும் லேசாக மடக்கி, மணிக்கட்டைப் பூட்டிப் பிடிக்கிறேன். இறுக்கிப் பிழிவது இல்லை, நடுங்க ஆரம்பித்துவிடும். சுத்தியலைப் பிடிக்கிற அளவு.

இதோடு சேர்ந்து இன்னொன்றும் தெரிந்தது. கடைசித் தோட்டா முடிந்ததும் ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்ள வேண்டும், என்னுடையது பாதி நேரம் பூட்டாது, அதையும் பிஸ்டலின் குறையாக எழுதி வைத்திருந்தேன் (23-இல் இது சேர்த்தி இல்லை). பெரியவர் என் வலது கட்டை விரலைத் தொட்டுக் காட்டினார். ஸ்லைடைப் பூட்டுகிற நெம்புகோல் மேலேயே அது படுத்திருந்தது. சின்னப் பிஸ்டலில் விரல் வைக்க வேறு இடம் இல்லை, என் விரல் கொஞ்சம் நீளம் வேறு. கட்டை விரலை அரை அங்குலம் உயர்த்தினேன், அன்றோடு சரியாகிவிட்டது. எட்டு டாலருக்கு ஒரு ஸ்ப்ரிங் ஆர்டர் போட்டிருந்தேன், அது இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.

மிச்சம் இருந்தது மூன்று, கூடு சேம்பரிலேயே மாட்டுவது. இது மூன்று மேகசினிலும் வந்தது, இரண்டு கையால் பிடித்தபோதும் வந்தது, ஆகவே இதில் என்னைக் குறை சொல்ல முடியாது என்று ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் அதிலும் ஒரு பங்கு எனக்கு இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததும் நேராக ரேஞ்சுக்குப் போயிருந்தேன். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் மேல் இருக்கிற பிசுபிசுப்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது, ஓடுவதற்கான எண்ணெய் இல்லை, முதலில் அதைத் துடைத்து எடுத்துவிட்டு எண்ணெய் போட வேண்டும் என்று கையேட்டின் 30-ஆம் பக்கத்துக்குப் பிறகு எங்கேயோ இருந்தது. பழைய சட்டைத் துணியால் துடைத்தேன். கூட்டைக் கவ்வி இழுக்கிற கொக்கிக்கு அடியில் பல்குச்சியை விட்டுச் சுரண்டினால், கருப்பு மையோடு மினுமினுவென்று பித்தளைத் துகள், ஏலக்காயை உரித்தால் உள்ளே ஒட்டியிருக்குமே அப்படி. எண்ணெய் போடும்போது அடுத்த தப்பு: தீபாவளிக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வைக்கிற மாதிரி வைத்துவிட்டேன். வழிந்தது, கைப்பிடிக்குள் இறங்கியது, இரண்டே நாளில் சட்டைப் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. ஸ்லைடு ஓடுகிற தண்டவாளத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, பேரலின் மேல்பக்கம் உரசுகிற இடத்தில் ஒரு சொட்டு, அவ்வளவுதான் அது கேட்பது. கோடையில் இடுப்போடு ஒட்டி வியர்வையில் ஊறுவதால் வாரம் ஒரு தரம் பார்க்கிறேன்.

இந்த வைத்தியம் எல்லாம் செய்து, 2-ஆம் நம்பரைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த 200 சுட்டேன். மூன்று தடவை நின்றது. ஒன்று அடுப்புக் குழாய். இரண்டு, அதே கூடு மாட்டுகிற வியாதி. சுத்தமான பிஸ்டல், புதுப் பித்தளைக் கூடு, நல்ல மேகசின், பூட்டிய மணிக்கட்டு, அப்படியும் வருகிறது என்றால் இனி இது கம்பெனியின் பாடு. படுக்க வைத்த கூடுகளின் விளிம்பைப் பார்த்தேன், கொக்கி பிடித்த இடத்தில் பித்தளை ஒரு பக்கமாக நெளிந்து கிழிந்த மாதிரி இருந்தது. படம் எடுத்து, நோட்டின் பக்கங்களையும் படம் எடுத்து, கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன்.

சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டும், குறை சொன்ன வாயால் இதையும் சொல்கிறேன். முதல் பதில் எந்திரத்தனம்: "வேறு பிராண்டு தோட்டா போட்டுப் பாருங்கள்." போட்டாச்சு என்று நோட்டுப் பக்கத்தை மறுபடி அனுப்பினேன். அடுத்த நாள் ஒரு பெண் போன் செய்தார், இரண்டே கேள்வி கேட்டார், கூடு சேம்பரில் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது, விளிம்பு கிழிகிறதா. அன்றே ஷிப்பிங் லேபல் வந்தது, செலவு அவர்களுடையது. ரிப்பேருக்கு அனுப்பியதை வாங்கியவனின் வீட்டுக்கே நேராகத் திருப்பி அனுப்ப இங்கே சட்டம் அனுமதிக்கிறது, மறுபடி கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பத் தேவையில்லை. 16 நாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: கொக்கியும் அதன் ஸ்ப்ரிங்கும் மாற்றப்பட்டன, சேம்பர் மெருகேற்றப்பட்டது, சுட்டுச் சோதிக்கப்பட்டது. மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு 600 தோட்டா, கூடு ஒரு தடவைகூட மாட்டவில்லை. கம்பெனிச் சேவைக்கு 5-க்கு 4. முதல் மின்னஞ்சலுக்காக ஒன்று குறைக்கிறேன்.

நண்பர் ஒருவர் கம்பெனிக்கு அனுப்பாதே, சின்ன ட்ரில்லில் பாலிஷ் உருளை மாட்டி ஏறும் சரிவை நீயே தேய்த்துவிடு என்று யோசனை சொன்னார். செய்யவில்லை. அந்தச் சரிவு தோட்டாவின் அடிப்பக்கத்தைத் தாங்குகிற இடம், 9 எம்எம் தோட்டாவுக்கு சாமி வரையறுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அங்கே கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் தாங்கல் இல்லாமல் கூடு பிளக்கும். வாரண்டியும் போய்விடும். வீட்டில் செய்யக்கூடியது துடைப்பது, எண்ணெய் போடுவது, மேகசினை மாற்றுவது, கையேட்டில் சொன்ன கணக்குக்கு ஸ்ப்ரிங்கை மாற்றுவது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தோட்டாவைப் பற்றி. நான் பழகச் சுடுவது 115 கிரெயின், குண்டின் எடையைச் சொல்கிறார்கள், ஏழரை கிராம் வரும். பொற்கொல்லர் குண்டுமணி வைத்து நிறுத்த மாதிரி இவர்கள் இன்னும் கிரெயினை விடவில்லை, 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. மலிவான 115 கிரெயின் சிலது வெடிமருந்து குறைவாக ஏற்றப்பட்டவை, பெரிய பிஸ்டலில் சுகமாக இருக்கும், என்னுடையதில் விறைப்பான ஸ்ப்ரிங்கை முழுதாகத் தள்ள மாட்டாமல் திணறும். 124 கிரெயினுக்கு மாறினதில் ஸ்லைடு ஓடுகிற சத்தமே வேறு மாதிரி இருந்தது. இரும்புக் கூடு போட்டவை மலிவு, ஆனால் பித்தளை போல வெடித்ததும் சட்டென்று சுருங்காது, கொக்கிச் சிக்கல் இருந்த பிஸ்டலில் அதை வைத்துச் சோதிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. தற்காப்புக்கு வைக்கிற ஹாலோ பாயிண்டின் (மூக்கில் குழி உள்ள குண்டு) வாய் தட்டையாகத் திறந்திருக்கும், வழவழப்பான உருண்டை மூக்கு ஏறுகிற சரிவில் இது ஏறும் என்று உறுதி கிடையாது. ஆகவே ஒரு டாலருக்கு ஒன்று என்று நூறு வாங்கி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு அத்தனையும் சுட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. பெட்டியோடு அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு அது வெள்ளிக் குத்துவிளக்கு இல்லை.

ஜாம் எடுக்கும் அவசரத்தில் நான் கற்றுக்கொண்ட, கொஞ்சம் பயந்தும் போன விஷயம் ஒன்று. நின்றுபோனதும் எல்லோருக்கும் முதலில் செய்யத் தோன்றுவது பிஸ்டலைத் திருப்பி முகத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பது. நானும் செய்தேன், பெரியவர் முதல் முறையாக அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார். வாய் எப்போதும் இலக்குப் பக்கம், விரல் விசைக்கு வெளியே, அப்புறம்தான் மற்றதெல்லாம். விசையை அழுத்தி க்ளிக் என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் இலக்கைப் பார்த்தபடியே முப்பது வினாடி காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்க வாய்ப்பு உண்டு. (பெரும்பாலும் மேகசின் முழுதாக உள்ளே பூட்டாமல் சேம்பர் காலியாக இருந்திருக்கும், அடியில் ஒரு தட்டுத் தட்டி ஸ்லைடை இழுத்தால் தீர்ந்தது.) டப்புக்குப் பதில் புஸ் என்று சத்தம் வந்து, கையில் உதை குறைவாகத் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். குண்டு பேரலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கும். அதை ஜாம் என்று நினைத்து ஸ்லைடை இழுத்துத் தொடர்ந்து சுடுகிறவர்கள்தான் விரலை இழக்கிறார்கள். எனக்கு அது நேரவில்லை. ஆனால் பக்கத்து லேனில் ஒருவருக்கு நேர்ந்து, பெரியவர் பாய்ந்துபோய்க் கையைப் பிடித்து நிறுத்தியதை அரை மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். பிறகு பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார், வெளிச்சம் தெரியவில்லை.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கைக்கெட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வைப்பது டெக்சஸிலும் குற்றம்தான், ஆகவே கைரேகைப் பெட்டி ஒன்று 90 டாலர். அது பிஸ்டலை விட அதிகமாக ஜாம் ஆகிறது, ஈரக் கையை ஏற்றுக்கொள்ளவே ஏற்றுக்கொள்ளாது, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிஸ்டலுக்கு 5-க்கு மூன்றரை. கொக்கி மாற்றி வந்த பிறகு சுட்ட 600-இல் ஒரே ஒரு ஜாம், அதுவும் இடது கையை மட்டும் வைத்துப் பந்தயத்துக்குச் சுட்டபோது. இதே காசுக்கு இதே பிஸ்டலை மறுபடி வாங்குவேனா என்றால், அலமாரியிலேயே வைக்கப்போகிறேன் என்றால் மாட்டேன், 4 அங்குலப் பேரலுக்குப் போவேன். இடுப்பில் வைக்க என்றால் வாங்குவேன், கூடவே ஒரு நோட்டும்.

2-ஆம் நம்பர் மேகசினைக் குப்பையில் போடப் போனேன், பெரியவர் வேண்டாம் என்றார். இப்போது அதன் உடம்பு முழுக்கச் சிவப்பு நெயில் பாலிஷ், மற்ற இரண்டோடு கலந்துவிடாமல் இருக்க. ரேஞ்சுக்குப் போகும்போது அதில் பத்துத் தோட்டா போட்டு அவரிடம் கொடுப்பேன், எனக்குத் தெரியாமல் எப்போதாவது மாற்றி வைப்பார், ஜாம் எடுத்துப் பழக. வாங்கிய மூன்றில் ஒரு தடவைகூட ஏமாற்றாதது இன்றைக்கு அது ஒன்றுதான், போட்டால் கட்டாயம் நிற்கிறது.